பதினான்காவது விதி

தலைவர் வெய்க்கோவின் பனிக்காலணிகள்
ரேடியேட்டர் அடியில் உருகிக்கொண்டிருக்கின்றன.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
ஐந்து பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும்.
எண்ணிப் பார்த்தேன், ஐந்து.

நான் பொருளாளர். பகலில் ஆணியும் பெயின்ட்டும் விற்பவள்.
கையில் பச்சை அட்டைப் பேரேடு.
முதல் பக்கத்தில், இரும்புச் சுரங்கம் கதவடைத்த வாரம்,
கடைசிச் சம்பளத்திலிருந்து ஆளுக்கொரு டாலர்:
நூற்று நாற்பத்தொரு கையெழுத்து.
ஒருவர் மட்டும் இரண்டு கொடுத்துவிட்டுப்
பெயரெழுத மறுத்திருக்கிறார்.

அதன்பின் வந்த வருடங்களை
விலைகளாகத்தான் எனக்குத் தெரியும்.
நுண்ணோக்கி ஆறு.
தவளை இருபத்துநாலு, ஃபார்மலினில்.
மாநிலம் கைவிரித்த ஆண்டில் நூலகருக்கு அரைநாள் சம்பளம்.
கம்ப்யூட்டர் வந்தது, வைக்க மேசை கேட்டார்கள்;
மேசை வந்தபோது கம்ப்யூட்டர் பழசாகியிருந்தது.
பள்ளி மூடிய தொற்றுக்காலத்தில்
பேருந்தின் கூரைமேல் வைஃபை பெட்டி.
வெய்க்கோ அதை ஏரிக்கரை வீடுகளுக்கு நடுவே நிறுத்திவிட்டு
ஸ்டியரிங்கில் தலைசாய்த்துத் தூங்குவார்,
ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ரா முடியும்வரை.

பணமெல்லாம் பான்கேக் விற்றது.
மிச்சம், இறந்தவர்கள்
'பூ வேண்டாம், பள்ளிக்குக் கொடுங்கள்' என்று எழுதிவைத்தது.

இன்று மேசைமேல் இரண்டு காகிதம்.

ஒன்று இசையாசிரியை மார்லிஸ் அனுப்பியது:
ட்யூபாவுக்கு ஒரு வாய்முனை, அறுபத்திரண்டு டாலர்.
எங்கள் பணத்தில் வாங்கிய ட்யூபா,
ஊர்வலத்தில் தீயணைப்பு வண்டி இடித்து நெளிந்தது.
இப்போது ஊதுகிறவள் ஹோடான்;
முதியோர் இல்லத்தில் இரவுவேலை பார்க்கும் அம்மாவோடு
மூன்று குளிர்காலத்துக்கு முன் வந்தவள்.
அந்த நெளிவைத் தாண்டி அவள் மூச்சு வெளிவரும்போது
என் கடையில் கண்ணாடி அதிரும்.

மற்றது பள்ளி வாரியத்தின் கடிதம்:
செப்டம்பர் முதல் நம் உயர்நிலைப்பள்ளி
பைக் ரிவரோடு சேர்கிறது.

பைக் ரிவர்!
வெய்க்கோவின் முன்பற்கள் இரண்டு
அந்த ஊர் ஹாக்கித் திடலில்தான் எங்கோ கிடக்கின்றன.

டொரோத்தியா பதினான்காவது விதியை உரக்கப் படித்தாள்:
"ஹார்லன் லேக் பள்ளி இல்லாதுபோனால்
அறக்கட்டளை கலையும்.
மீதிப்பணம் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு."

கல்லறையைப் பார்த்துக்கொள்ளும் ஆர்னேயை எல்லோரும் பார்த்தோம்.
"வேலி எதற்கு?" என்றார்.
"என் ஆட்கள் எங்கும் ஓடிப்போவதில்லை."

லெஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை.
நம் பான்கேக், அவர்கள் பிள்ளைகளுக்கா?
நாற்பது வருடம் மாவு கரைத்தது இதற்கா?
அவன் கேட்டதிலும் ஒரு நியாயம் இருந்தது,
யாரும் பதில் சொல்லவில்லை.

வெய்க்கோ நாக்கால் பொய்ப்பல்லைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.
பேருந்தில் அங்கே போக எவ்வளவு நேரம்?
நாற்பது நிமிடம். பனியென்றால் ஒரு மணி.
"இருட்டில் போய் இருட்டில் வருவார்கள்.
இருக்கைக்கு இருக்கை விளக்கு வேண்டும்,
எழுத்துத் தெரிகிற மாதிரி."

அது தீர்மானம்தான் என்று குறித்துக்கொண்டேன்.

நாலுக்கு ஒன்று.
எதிர்த்து உயர்த்திய கையாலேயே
லெஸ்டர் தன் பேனாவை எனக்கு நீட்டினான்;
என்னுடையது குளிரில் உறைந்திருந்தது.
'ஹார்லன் லேக்' என்ற இரு சொல்லை அடித்தேன்.
மை அடுத்த தாளுக்கும் ஊறியது.
அந்த இடத்தில் என்ன எழுதுவது என்பதை
மார்ச் கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம்.

வாய்முனை ஒன்று, 62.00.
பள்ளியின் பெயர் கேட்கும் கட்டத்தில்
கொஞ்சம் யோசித்து, ஹோடான் என்று எழுதினேன்.

வெளியே ஐந்து கார்களில் மூன்றுதான் உயிர்பெற்றன.
லெஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே
டிக்கியிலிருந்து கேபிளை எடுத்துவந்தான்.