ஆண் பப்பாளி

பைபாஸில் டயர்க்கடையை ஒட்டி
பச்சை வலைக்குக் கீழே சிக்கந்தரின் நர்சரி.
எலுமிச்சங்கன்றைக் கையில் எடுத்தேன்.
விலை சொல்லுமுன் கேட்டார்:
"இந்த வீட்ல எத்தனை வருஷம் இருப்பீங்க?"

வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதம்.
கூட்டுறவு வங்கியில் மாற்றல் எந்தத் திங்கட்கிழமையும் வரலாம்.
"பத்து வருஷம்" என்றேன்.
அவர் என்னை ஒருமுறை பார்த்தார்.
கையிலிருந்த விதைக்கன்றை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு
அடுத்த ஆண்டே காய்க்கும் ஒட்டுக்கன்றை
ஸ்கூட்டியில் ஏற்றிவிட்டார்.
நூற்றியிருபது ரூபாய். பேரம் இல்லை.

பள்ளத்தூரில் பின்கட்டு மட்டும் எனக்கு.
செம்பூரான் மண்; கடப்பாரை நுனி மழுங்குகிறது.
கறுப்புப் பையைக் கிழித்தேன்.
உள்ளே வேர்
தன்னையே சுற்றிச் சுற்றி
பையின் வடிவத்திலேயே நின்றது.
விரலால் பிரித்துவிட்டேன். கொஞ்சம் அறுந்தது.

மிளகாயை மட்டும் விதைத்தே தீருவது என்று
பத்துத் தயிர்க் கப்புகளில் ஓட்டை போட்டேன்.
ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை.
எட்டாம் நாளும் இல்லை.
நாள்தோறும் அடுத்தவர் பணத்துக்கு
வட்டி முதிரும் தேதி எழுதுகிற எனக்கு
ஒன்பதாம் நாள் பொறுக்கவில்லை.
தீக்குச்சியால் கிளறினேன்.
வெள்ளையாய் ஒரு கொக்கி,
அப்போதுதான் முதுகு நிமிர்த்தப் பார்த்திருக்கிறது.
குச்சி பட்டு ஒடிந்தது.

மற்ற ஒன்பதில் நான்கு எறும்புக்கு,
இரண்டு சித்திரை வெயிலுக்கு.
மூன்று பிழைத்தன.
அந்த மூன்றின் காரம் எனக்கு ஆகவில்லை,
ஆனாலும் மோரில் கிள்ளிப் போட்டு
கண்ணில் நீர் வர வர குடித்தேன்.

எலுமிச்சை சொன்னபடி பூத்தது.
குறை சொல்ல ஏதுமில்லை.
அதன் காலடியில்தான்
சிக்கந்தரின் பைமண்ணோடு ஒளிந்து வந்த ஏதோ ஒன்று
முளைத்து, இலையை விரித்து,
பப்பாளி என்று பெயர் சொன்னது.
நான் போடவில்லை. அவரும் விற்கவில்லை.
ரசீதில் இல்லாத செடி.

கேட்கப் போனேன்.
"பூக்கிற வரைக்கும் ஆணா பொண்ணான்னு தெரியாதுங்க.
வெட்டிட்டு எங்கிட்ட வாங்குங்க,
கேரண்டி நாத்து இருக்கு."

வெட்டவில்லை.
ஆவணியில் என் தலைக்கு மேல் போயிருந்தது.
ஐப்பசியில், முதல் மழைக்கு மறுநாள்,
நீளக் காம்பில் கொத்துக் கொத்தாய்த் தொங்கியது பூ.
ஆண்.

அதே வாரம் மாற்றல் உத்தரவும் வந்தது:
அறந்தாங்கி.

பாத்திரங்கள் லாரியில் ஏறிவிட்டன.
எலுமிச்சையில் பதினேழு காய்; எண்ணிவிட்டேன்.
அடுத்துக் குடிவரும் மின்வாரியக்காரர் மனைவி ஜெபக்கனி
தோட்டத்தைச் சுற்றி வந்து
"இந்தப் பப்பாளி காய்க்குமா அக்கா?" என்றாள்.

"பூ நல்லா வாசமா இருக்கும்" என்றேன்.
அது பொய் இல்லை.
இரவில் வந்து நின்று பார்த்தால் தெரியும்.

கைப்பையில் மூன்று மிளகாய்,
குலுக்கினால் சலசலக்கும் அளவுக்குக் காய்ந்தவை.
அறந்தாங்கியிலும் நர்சரி இருக்கும்.
யாராவது கேட்பார்கள்,
எத்தனை வருஷம் என்று.