நாற்பத்தேழு செக்கன்

கொட்பே துறைமுகப் பதிவு அறையில்
ஏசி சேர்வருக்கு மட்டும்.
எங்களுக்கு ஜன்னல்,
ஜன்னலால் கச்சான் காற்று,
காற்றோடு டீசலும் மீன் செதிலும்.

"மெசின் கிழடாப் போச்சு. புதுசு கேப்பம்"
என்றார் அத்தியட்சகர் துஷ்யந்தன்.
கொழும்புக்கு எழுதிப் பதில் வர
இரண்டு வாடைக்காலம் கடந்துவிடும்.
நான் மெமரியைக் கூட்டினேன்,
பஃபரை அகட்டினேன்,
மின்விசிறியின் தூசைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் எடுத்தேன்.
நாற்பத்தேழு செக்கன்
நாற்பத்தாறரை ஆனது.
வெட்கமாக இருந்தது.

பிறகுதான் லொக்கைத் திறந்தேன்.
ஐஸ் எத்தனை கட்டி,
டீசல் எத்தனை லீற்றர்,
சூரை இன்றைக்கு என்ன விலை:
எல்லாம் கேட்டு வாய் மூடுமுன் பதில்.
ஒன்று மட்டும்
ஒவ்வொரு நாளும் விடியற்புறம் நாலு பத்துக்கு
முழு அறையையும் பிடித்து நிறுத்தியது.

போன படகுகளில்
வராதவை எவை?

கேட்பது நௌபியா. இரவுக் கடமை.
கிண்ணியாவின் கடைசி பஸ்ஸில் வருபவள்.
அவள் கேள்வி ஓடும் பாதையை விரித்துப் பார்த்தேன்.
பதினொரு லட்சம் வரிசை!
கரை சேர்ந்து, ஏலம் போய், கணக்கும் தீர்ந்து
தண்டையல் வீட்டில் குறட்டை விடும் பயணங்களையும்
ஒவ்வொன்றாய்த் தட்டியெழுப்பி
வந்திட்டியா, வந்திட்டியா என்று
கேட்டுக்கொண்டே போகிறது இயந்திரம்.

பழையதைப் பெட்டகத்துக்கு மாற்று,
ஐந்து வருடம் தாண்டியது எதுவும் இங்கே வேண்டாம்.
அதுதான் எங்கள் தொழிலில் முதல் வைத்தியம்.
எழுதி வைத்தேன். ஓட்டவில்லை.
ஒரு வரிசை குறுக்கே கிடந்தது.
படகு: யூதா ததேயு. இடம்: பாலையூற்று.
ஆள்: ஐந்து.
புறப்பாடு இருக்கிறது, பதினாலு வருடம் முந்தி.
வருகை என்ற கட்டத்தில்
பூச்சியம் இல்லை, கோடு இல்லை,
நல்.
தமிழில் எழுதினால்
கண் அதை நல்லது என்று படிக்கப் பார்க்கிறது.

"இதை மூடிவிடலாமே?" என்றேன் நௌபியாவிடம்.
"எந்தத் திகதியப் போடுவீங்க?"
கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அன்றிரவு
சின்னதாய் ஓர் இன்டெக்ஸ் கட்டினேன்.
வந்த எவருக்கும் அதில் இடமில்லை.
கரை தொட்டுப் பதிந்த கணம்
படகு தானாய் அதிலிருந்து உதிர்ந்துவிடும்.
பதினொரு லட்சத்தில் மிஞ்சியவை அறுபத்துமூன்று.
ஒரு மூதூர் பஸ்ஸுக்குள் அடங்கும்,
கொஞ்சப்பேர் நின்றால்.

நாலு பத்து.
நௌபியா எண்டரைத் தட்டினாள்.
மூன்று மில்லிசெக்கன்.
பிளேன்டீ வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.
"பிழை போலக் கிடக்கு, திரும்பத் தட்டவா?"
தட்டினாள். இரண்டு.

அறுபத்திரண்டும் இந்தக் கிழமை போனவை.
விடிய விடிய ஒவ்வொன்றாய்க் கழன்றுவிடும்.
புறப்பட்ட திகதிப்படி அடுக்கியிருந்தேன்,
அதனால் மற்றது
முதல் வரியில் நின்றது.

"முந்தியெண்டா" என்றாள்
திரையைப் பார்த்தபடி,
"இது ஓடி முடியிறதுக்குள்ள
மூணு குல்ஹு ஓதிப்போடுவன்."
பாலையூற்று மாதா கோயில் ஆட்களுக்கா என்று
நான் கேட்கவில்லை.
அவள் சீனிக்கட்டியைக் கடித்துக்கொண்டாள்.

எட்டு மணிக்குத் துஷ்யந்தன் வந்து
பட்டியலைத் திறந்து, மூடி, திறந்து,
"புது மெசின் வந்திட்டுதோ?" என்றார்.
ஓம் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை
பழக்கதோஷத்தில் லொக்கைப் பார்த்தேன்.
நாலு மணி ஒன்பது நிமிடம் பதினொரு செக்கனுக்கு
நௌபியா உள்நுழைந்திருக்கிறாள்.
கேள்வி சரியாக நாலு பத்துக்கு.
இடையில் ஒன்றுமில்லை.
சேர்வர் சும்மா இருந்திருக்கிறது,
ஏசி மட்டும் ஓடியிருக்கும்.