பக்கவாட்டுப் படம்

கம்பம்மெட்டு இறக்கத்தில்
ஏலத்தோட்டத்து ஜீப் சாய்ந்தபோது
கையை ஊன்றியிருக்கிறாள் ஒச்சம்மாள்.

நேர்ப் படத்தில் எதுவும் உடையவில்லை.
'சுளுக்கு. கட்டுப் போடவும்' என்று
சீட்டில் கிறுக்கிவிட்டுச் சாப்பிடப் போனார் டாக்டர்.

எனக்குத்தான் கண் நகரவில்லை.
மணிக்கட்டில் இரண்டு வரிசை, எட்டுக் குட்டி எலும்பு.
நடுவில் பிறையெலும்பு
நாலு முனையோடு தெரியவேண்டியது
மூன்று முனையாய் நிற்கிறது.
படம் எடுக்கிறவன் படம் படிக்கக் கூடாது,
இங்கே அப்படித்தான்.

"அக்கா, கட்டைவிரல் மேலே பாக்க
கையைத் திருப்பி வைங்க."
"இப்பத்தானே எடுத்தீக?"
"அது சரியா விழலை."
பொய்.
பல்லைக் கடித்துத் திருப்பினாள்.
பலகையில் ஏலப் பச்சை வாசம் ஒட்டிக்கொண்டது.

திரையில்,
ஆரையெலும்பின் மேல் நிமிர்ந்து உட்காரவேண்டிய கோப்பை
உள்ளங்கைப் பக்கம் கவிழ்ந்து
டீயைக் கொட்டிக்கொண்டிருந்தது.

மோர் வாசத்தோடு வந்த டாக்டர்
வெகுநேரம் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.
"இந்தப் படம் யார் கேட்டது?"
பதிலுக்கு நிற்காமல் தேனிக்குப் போன் போட்டார்.

வாசலில் ஒச்சம்மாள்:
"நடுவெரலு மரத்துக் கெடக்குய்யா.
ஒடியலைன்னுதானே சொன்னாக?
காலையில ஜீப்பு அஞ்சு மணிக்கு."