அட்டைத் திரை

மூலைக்கு மூலை அளந்து விற்கிறார்கள்.
மூலைவாட்டில் யார் வேலை பார்க்கிறார்கள்?
குளிர்பெட்டி வந்த அட்டையைப் பிரித்து
இருபத்தேழு, முப்பத்திரண்டு, நாற்பத்துமூன்று என்று
மூன்று துண்டு வெட்டினேன்.
பெரியதை மேசைமேல் நிறுத்தி
நாடா ஒட்டி
ஒரு வாரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன்,
மடியில் பழைய மடிக்கணினியோடு.

பார்னுவில் பிப்ரவரி.
எட்டு மணிக்கு விடிந்தது
ஐந்துக்கெல்லாம் முடிந்துவிடும்.
அந்தக் கொஞ்ச வெளிச்சத்தில்தான்
ஜன்னலுக்கு வெளியே ரோவன் மரத்தில்
மிச்சமிருக்கும் சிவப்புப் பழங்களுக்குக்
கொண்டை வைத்த பறவைகள் வரும்.
நாற்பத்துமூன்று அங்குலம்
மரத்தை முழுசாக விழுங்கிற்று.
சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டில் ஆளுக்கொரு கணக்கு.
இந்த்ரெக்குக்குப் பாடகர்குழுப் பதிவுகளை வெட்டி ஒட்டும் வேலை.
நாற்பது குரலும் நாற்பது கோடாக
அகலத்துக்கு ஓட வேண்டும்.
மெரிலிக்கு, நொடிக்கு நூற்று நாற்பத்துநான்கு முறை
திரை தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.
தன் அறையை மாதம் ஒருமுறைகூடக் கூட்டாதவள்!
எனக்கு எழுத்து தெரிந்தால் போதும்.
ஐம்பத்தொரு வயதுக் கண்ணுக்கு
வரைபடத்து எண்ணெல்லாம் எறும்பு.
ஒரே பானையில் கஞ்சியும் பாயசமும் கேட்டால்
பானை என்ன செய்யும்?

கடையில் ரைகோ என்றொரு பையன்
நிட் என்றான், ஹெர்ட்ஸ் என்றான்,
வளைந்த திரையொன்றின் முன் உட்காரவைத்து
"உங்கள் படத்தையே திறந்து பாருங்கள்" என்றான்.

என் படம் சதுப்புநிலம்.
எழுபது வருஷத்துக்கு முன்னால்
தண்ணீரை வடிக்க வெட்டிய வாய்க்கால்கள்,
அடிக்கோல் வைத்து இழுத்தது போல.
எங்கெங்கே அடைத்தால்
நீர் தங்கும், பாசி திரும்பும் என்று
புள்ளி வைப்பது என் பிழைப்பு.
வளைந்த திரையில்
அத்தனை வாய்க்காலும் மெல்ல நெளிந்தன,
நாங்கள் கை வைக்காத இடத்திலும்
நீர் ஜெயித்துவிட்டது போல.

இது வேண்டாம் என்றேன்.
கோடு பிசகினால் அணை
தண்ணீரை விட்டுத் தரையில் நிற்கும்.
வேண்டாம் என்றவள் ஏன்
நாற்காலியை விட்டு எழவில்லை என்று
ரைகோவுக்குப் புரியவில்லை.

முப்பத்திரண்டு. தட்டை. பளபளப்பில்லாத முகம்.
இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு பனியில் வந்தோம்.
யானை வாங்கினவன் அங்குசத்துக்கு அழுத கதை:
கேபிள் ஒரு சாண் எட்டவில்லை.
மறுபடி கடைக்குப் போக மாட்டேன் என்று
இந்த்ரெக் காலணியைக் கழற்றிவிட்டார்.
மேசையைத் திருப்பிப் போட்டோம்.
ஒரு வாரம் அட்டையோடு குடித்தனம் நடத்தி
நான் முடிவு செய்யாததை
ஒரு சாண் கம்பி முடிவு செய்தது.
மரம் இப்போது
என் இடது தோளுக்குப் பக்கத்தில்.

அன்றிரவு
பாட்டும் விளையாட்டும் தூங்கின பிறகு
போன ஜூலையில் தன்னு டிரோன் பறக்கவிட்டு எடுத்த
படத்தைத் திறந்தேன்.
மூன்றாம் வாய்க்கால் ஓரம் ஒரு சிவப்பு.
பழைய திரையில் அழுக்கென்று நினைத்து
நகத்தால் சுரண்டியிருக்கிறேன்.
பெரிதாக்கினேன்.
என் மழைக்கோட்டு.
உள்ளே நான்.

ஆழம் தெரியாமல் காலை விட்ட நாள் அது.
முழங்கால்வரை சேறு.
தன்னு ஓடி வந்து இழுக்கக்
கால்மணி நேரம் ஆனது.
படத்தில் அவர் இன்னும் கிளம்பவில்லை.
நான் அண்ணாந்து பார்த்துக்
கையாட்டிக்கொண்டிருக்கிறேன்,
மூன்று பிக்சல் கையால்.