மாட்யூல் லிஸ்ட்

திருவாரூரில் மின்சாரம் போய்த் திரும்பிய இரவு.
லாகின் செய்ததும் எந்திரம்
என்னை இதற்குமுன் பார்த்ததே இல்லை என்கிறது.
ஃபோர்ட்ரானா, அப்படி எதுவும் இங்கே இல்லை.
பைத்தானா, இருக்கிறது, தாத்தா காலத்து வெர்ஷன்.
எல்லாம் இருக்கிறது.
பதினோரு வருடமாய் யார் யாரோ நிறுவியது,
ஒரே வட்டில், எல்லோருக்குமாய்.
பெயரும் எண்ணும் சொல்லிக் கேட்கவேண்டும்,
அவ்வளவுதான்.

மாட்யூல் அவெய்ல் என்று தட்டினால்
மூன்று திரைக்கு இறங்குகிறது பட்டியல்.
கம்பைலர் மட்டும் ஆறு,
ஒன்று ஏறினால் மற்றது இறங்கிக்கொள்ளும்,
சம்பந்தி வீட்டுச் சண்டை.

இருதயசாமி சார் ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் சொல்வார்:
"ஆற்றில் தண்ணீர் ஓடினால் போதுமா,
உன் மதகை நீதானே திறக்கணும்?"
கடைசி வரிசையில் ஹமீதா கொட்டாவி விட்டாள்.
எனக்கும் ஒட்டவில்லை அந்த உவமை.
தலைமடைக்காரன் எடுத்தால் கடைமடையில் குறையும்.
இங்கே நாற்பது பேர் ஒரே நேரம் லோட் செய்தாலும்
ஒரு சொட்டு குறையாது.

அப்படித்தான் நினைத்திருந்தேன்
சித்திரை வரைக்கும்.

கழிமுகத்திலிருந்து உப்பு எவ்வளவு தூரம் ஏறும்
என்பதுதான் எங்கள் கணக்கு.
என் ஓட்டத்தில் அது செட்டிமதகில் நின்றது.
ஹமீதாவின் ஓட்டத்தில்
மதகைத் தாண்டி ஒன்றேகால் கிலோமீட்டர்,
கீழப்பனையூர் முழுக்க, இருநூற்றுப் பதினான்கு பட்டா.
ஒரே நிரல். ஒரே தரவு. ஒரே எந்திரம்.
பசி மறந்து வரிவரியாய் ஒப்பிட்டோம்.
கேன்டீன் மூடிவிட்டார்கள்.
விடியப்போகையில் அவள்தான் கேட்டாள்:
"அக்கா, மாட்யூல் லிஸ்ட் போடுங்க."

என் பக்கம் ஒன்பது வரி. அவள் பக்கம் ஏழு.
புள்ளியில் தொடங்கும் ஒரு மறைகோப்பு,
இரண்டு வருடம் முன் சேர்ந்த அன்றைக்கு
பக்கத்து மேசையில் அப்படியே நகலெடுத்தது,
நான் உள்ளே வரும்போதெல்லாம்
பழைய கம்பைலரைச் சத்தமில்லாமல் ஏற்றிக்கொண்டிருந்தது.
நான் திறக்காத மதகு
என் பெயரில் திறந்து கிடந்தது.

மாட்யூல் பர்ஜ்.
எல்லாவற்றையும் இறக்கினேன்.
பேர் சொல்லி, எண் சொல்லி ஒவ்வொன்றாய் ஏற்றினேன்.
கியூவில் மூன்று நாள்.
இப்போது என் கோடும் மதகைத் தாண்டியது.

அப்படியானால் புதியதுதான் சரியா?
பங்குனியில் ஹமீதா சைக்கிளில் போய்
போர்த்தண்ணீர் அளந்த இடம் ஒன்றே ஒன்று.
அந்த எண்
இரண்டு கோட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது,
யாருக்கும் சாட்சி சொல்ல மாட்டேன் என்று.

வரைபடத்தில் ஒரே கோடு கேட்டார்கள்.
இரண்டும் போட்டேன்.
முதல் பக்கத்தில், நன்றியுரைக்கும் முன்னால்,
எந்தக் கோடு எதை ஏற்றி வந்தது என்று
பதினாறு வரி.

கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில்
வேளாண் அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்:
"என்னம்மா இது,
பேரு, பக்கத்துல புள்ளி வச்ச நம்பரு,
பூச்சி மருந்தா?"

"அது மாதிரிதான் சார்.
எதை எவ்வளவு கலந்தோம்னு
டப்பாமேல எழுதணும்ல."

அவர் சிரிக்கவில்லை.
பேனாவை மூடாமல்
செட்டிமதகுக்கு அந்தப் பக்கம்
பட்டா எண்களை எண்ணத் தொடங்கினார்.