எட்டில் ஒன்று

நாரின் மருத்துவமனை.
குதிரை என்னைச் சரளைக்கல்லில் உதறிய மறுநாள்
வெளிச்சப் பெட்டியில் என் மணிக்கட்டு.
கறுப்புக் கோடுகளை எண்ணினேன்:
"எட்டு இடத்திலா உடைந்திருக்கிறது?"

"முறிவு ஒன்றுதான்," என்றாள் பூபுசாரா,
எக்ஸ்ரே எடுப்பவள்.
"மற்றதெல்லாம் குருத்து.
இன்னும் எலும்பாகாத இடம்.
அங்கிருந்துதான் நீளுகிறாய்."

சரிதான். மார்ச்சில் தைத்த கால்சட்டை
இப்போது கணுக்காலைத் தொடவில்லை.

"எப்போது மூடும்?"

"மாதவிடாய் வந்துவிட்டதா?"

கதவைப் பார்த்தேன்.
வெளியே அசமத்,
என்னோடு ஒரே கருப்பையில் கிடந்தவன்,
இன்னும் என் காதளவுதான்.
தலையசைத்தேன்.

"ஈஸ்ட்ரோஜன்.
விரட்டி வளர்ப்பதும் அது,
பிறகு தாழ்போடுவதும் அதுவே.
ஓரிரு வருடம் இருக்கிறது உனக்கு."

மாவுக்கட்டு இறுகும்போது சுட்டது.
உள்ளே வந்த அசமத்,
"ரொம்ப வலி..." என்றான்;
மிச்சச் சொல்
கீச்சென்று கூரைக்கு ஏறி
கரகரத்து விழுந்தது.

அவன் தொண்டையையும்
ஒரு படம் எடுக்கச் சொன்னேன்.