பதினாறாம் கம்பி

கூத்தாநல்லூர் அரிசி மில்லில்
கறுப்பரிசி பொறுக்கும் எந்திரம்
மூன்று நாளாய்
நாற்பதாவது நிமிடம் தன் விசைப்பலகையை மறந்துவிடுகிறது.
"காத்து கருப்பாம்மா?" என்கிறார் ஜெகபர் பாய்.

இல்லை பாய்.
கர்னல் திரையில் எழுதியிருக்கிறது:
பதினாறாம் குறுக்கீடு, யாரும் கவனிக்கவில்லை.

லட்சம் முறை தட்டியிருக்கிறார்கள்.
அந்தக் கம்பியில் குடியிருக்கும் விசைப்பலகை
ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்ப் பார்த்து
எனக்கில்லை என்று திரும்பியிருக்கிறது.
லட்சத்தை எண்ணி முடித்த கர்னல்
கம்பியையே மூடிவிட்டது.

தட்டியது யார்?

மூட்டைமேல் மடிக்கணினி, எழுத்துகளின் இடுக்கில் தவிடு.
இரவு ஒன்றேகாலுக்குப் பிடிபட்டது.
கேமரா அட்டைக்கும் செயலிக்கும் நடுவே ஒரு பாலம்.
கொஞ்சம் பொறு என்று கர்னல்
கேமராவின் வழியை அடைக்கும்போதெல்லாம்
பாலம் பொறுப்பதில்லை,
பழைய வழியொன்றில் திருப்பிப்
பதினாறில் கொட்டுகிறது.
எந்திரம் கண்விழிக்கும் முதல் நொடிகளுக்கென
எவரோ வைத்த வழி.
விழித்தபின் அடைக்கவேண்டும் என்று
எவருக்கும் தோன்றவில்லை.

போன சம்பாவில்
லஸ்கர் பக்கிரிசாமி மேலக்கரை ஷட்டரை இறக்கிவிட்டுத்
தூங்கப் போனார்.
விடிந்தால் வீரம்மாளின் நாற்றங்கால் மிதக்கிறது.
"யாரு வுட்ட தண்ணிடா இது?"
வந்து பார்த்தவர்கள் எல்லோரும்
எங்களுது இல்லை என்றார்கள்.
அவள் விடாமல் கத்தினாள்.
பத்தாம் நாள்
அவள் மடையில் மண்ணைப் போட்டு அடைத்தார்கள்.
முறைத்தண்ணீரும் அதோடு போயிற்று.

பன்னிரண்டு வரி எழுதினேன்.
பாலத்தின் எண்ணைப் பார், இதுதானென்றால்
இந்த ஒரு பிட்டைத் திருப்பு.
கோணல்களின் பட்டியலில் இதற்கும் ஓர் இடம்.
மற்ற பாலங்கள் யோக்கியம் என்று அர்த்தமில்லை,
இன்னும் மாட்டவில்லை, அவ்வளவுதான்.

காரணம் எழுதும் இடத்தில்
'இந்தப் பாலம் பொய் சொல்கிறது' என்று எழுதி, அழித்து,
'பழைய வழியை மூடுவதில்லை' என்று எழுதினேன்.

நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.
பாய் ஒரே எழுத்தை அழுத்திக்கொண்டிருக்கிறார்,
திரை முழுக்க அகரம்.
கறுப்பரிசி தனியே தெறித்து விழுகிறது.

வெளியே வெண்ணாற்றில் தண்ணீர் வந்துவிட்டது.
வீரம்மாளின் மடையில் போட்ட மண்
இன்னும் அப்படியே.
பக்கிரிசாமிக்கு அடித்தேன்.

மணி போகிறது.